ஆண்டவரைப் பற்றிப் பேசுவதும் ஆண்டவரிடம் பேசுவதும்



வேதவாசிப்பின் வழியாக இறைவனை நெருங்குவது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் பேசினாலும் தீராத பொருள் இது. எனக்குத் தந்திருக்கும் நேரத்துக்குள் ஒரே ஒரு சங்கீதத்தோடு உட்கார்ந்துகொள்ளலாம் என்று வந்திருக்கிறேன். 73-ஆம் சங்கீதம். வேதாகமம் கொண்டுவந்தவர்கள் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வைத்திருக்கும் பிள்ளைகளும் திறக்கலாம், தவறில்லை.

சங்கீதப் புத்தகம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் பகுதி இந்தச் சங்கீதத்தில்தான் தொடங்குகிறது. பாடியவர் ஆசாப். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகப் பாட்டு ஊழியம் செய்ய தாவீது நியமித்த லேவியர்களில் தலைவர் அவர். கைத்தாளம் கொட்டியவர் என்று நாளாகமம் சொல்லுகிறது. 50-ஆம் சங்கீதமும், 73 முதல் 83 வரையுள்ள சங்கீதங்களும், ஆகப் பன்னிரண்டு, அவர் பெயரில் இருக்கின்றன. ஆலய ஊழியத்திலேயே வாழ்ந்த மனிதர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்தச் சங்கீதத்தில் தடுமாறுகிறவர் நம்பிக்கையற்ற யாரோ ஒரு வெளியாள் இல்லை. நாள் தவறாமல் பீடத்தருகே நின்று பாடுகிறவரே தடுமாறுகிறார்.

முதல் வசனம் விசுவாச அறிக்கை. சுத்த இருதயம் உள்ளவர்களுக்குத் தேவன் நல்லவர் என்கிறார். அடுத்த வசனத்திலேயே தன் கால் சறுக்கப் பார்த்ததைச் சொல்லிவிடுகிறார். காரணம் பொறாமை. துன்மார்க்கர் வாழும் வாழ்வைப் பார்த்து வந்த பொறாமை. அதன்பிறகு வரும் வசனங்களில் அவர்களுடைய உடம்பின் செழிப்பு, கண்களின் கொழுப்பு, கழுத்தில் ஆபரணம்போல் சுற்றிக்கிடக்கும் பெருமை, வானத்துக்கே சவால்விடும் வாய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வர்ணிக்கிறார். இத்தனை நுணுக்கமாக வர்ணிக்க வேண்டுமென்றால் எத்தனை நாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்! 13-ஆம் வசனத்தில் மனசு உடைகிறது. நான் சுத்தமாய் வாழ்ந்ததெல்லாம் வீண்தானா என்று கேட்டுவிடுகிறார்.

இதுவரை ஆசாப் யாரிடம் பேசுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? தேவனைப் பற்றிப் பேசுகிறார். துன்மார்க்கரைப் பற்றிப் பேசுகிறார். தன்னைப் பற்றிப் பேசுகிறார். தேவனிடம் பேசவில்லை. பதினான்கு வசனம் வரைக்கும் தேவன் அவருக்குப் படர்க்கைதான்.

15-ஆம் வசனத்தில் ஒன்று நடக்கிறது. நான் இப்படியெல்லாம் வெளியே பேசித் திரிந்தால், “உம்முடைய” பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவனாவேன் என்கிறார். முதல் முறையாகத் தேவனை நேருக்கு நேர் விளித்துவிட்டார். அதுவும் எந்த இடத்தில்? தன் வலியை மறந்து, தன்னைச் சுற்றியிருக்கும் சபையை, தன் பேச்சைக் கேட்டு இடறிப்போகக்கூடிய மற்றப் பிள்ளைகளை நினைத்த இடத்தில். பல ஆண்டுகள் இந்தச் சங்கீதத்தை வாசித்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. பட்டதிலிருந்து இந்த வசனத்தை என்னால் சும்மா கடந்துபோக முடிந்ததில்லை.

17-ஆம் வசனத்தில் அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறார். அங்கே என்ன கண்டார்? தரிசனமா, குரலா, அக்கினியா? ஒன்றும் சொல்லவில்லை. துன்மார்க்கருடைய முடிவை உணர்ந்தேன் என்பதோடு நிறுத்திவிடுகிறார். ஆனால் 18-ஆம் வசனம் முதல் பேச்சின் திசையே மாறிப்போகிறது. நீர் அவர்களைச் சறுக்கலான இடத்தில் நிறுத்துகிறீர் என்று தேவனிடம் பேசத் தொடங்குகிறார். உமக்கு முன்பாக நான் மிருகத்தைப்போல் இருந்தேன் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். அப்படி இருந்தபோதும் நீர் என் வலதுகையைப் பிடித்துக்கொண்டிருந்தீர் என்கிறார். கடைசி வசனத்தில், மற்றவர்களுக்கு எது நலமோ தெரியாது, தேவனுக்கு அருகில் இருப்பதே தனக்கு நலம் என்ற முடிவுக்கு வந்து சேருகிறார்.

துன்மார்க்கர் அன்றைக்கே அழிந்துபோனார்களா? இல்லை. ஆசாபின் நிலைமை மாறியதா? அதுவும் இல்லை. மாறியது ஒன்றுதான்: ஆண்டவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ஆண்டவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். நெருங்குதல் என்று நான் நம்புவது இதைத்தான். வேதம் நம்மை இந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்கு நாம் அதை முழுதாக வாசிக்க வேண்டும்.

யோபின் புத்தகத்திலும் இதே வித்தியாசம் இருக்கிறது. யோபைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் தேவனுடைய நீதியைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். அவர்கள் பேச்சில் பக்தி இருந்தது, ஒழுங்கு இருந்தது. ஆனால் புத்தகம் முழுவதும் தேடிப்பாருங்கள், அவர்களில் ஒருவர்கூட ஒருமுறையாவது தேவனை நோக்கி ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. யோபோ சத்தம் போட்டான், வழக்காடினான், ஏன் பிறந்தேன் என்று சபித்தான். ஆனால் திரும்பத் திரும்ப தேவனை நோக்கியே திரும்பினான். 42-ஆம் அதிகாரத்தில் தேவன் தீர்ப்புச் சொல்லும்போது, நிதானமாய்ப் பேசினவன் யோபு என்கிறார். சிநேகிதர்கள்மேல் கோபம் கொள்கிறார். நம்முடைய பிரசங்க பீடங்களில் நிற்கிற ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைப் பயத்தோடு வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் இன்று இந்த மேடையில் நிற்கும் நானும் அடக்கம்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் கிராமம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம். அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு: வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும், நமக்குப் பிடித்த பகுதிக்குத் தாவக் கூடாது. நாளாகமத்து வம்ச அட்டவணை வந்தால் பெயர்களில் நாக்குத் தடுக்கி நாங்கள் திணறுவோம். தங்கை சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். அடுத்த பெயரைச் சொல் என்பார்.

அந்தக் காலத்தில் என் சித்தப்பா கருப்பட்டி வியாபாரத்தில் பெரிய நஷ்டம் கண்டார். கூட்டாளி கணக்கை மறைத்துப் பணத்தை எடுத்துவிட்டார். ஏமாற்றியவர் புது வீடு கட்டினார். சித்தப்பா நிலத்தை விற்றார். அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். குடும்ப ஜெபத்துக்கும் உள்ளே வர மாட்டார். வெளித்திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

ஒருநாள் வரிசைப்படி 73-ஆம் சங்கீதம் வந்தது. அவருக்காக யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. துன்மார்க்கருடைய செழிப்பைச் சொல்லும் வசனம் என் அக்காவுக்கு வந்தது. வாசித்து முடித்தாள். திண்ணையிலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது: “ஏட்டி, அந்த வசனத்த இன்னொருக்க வாசி.” அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையசைத்தார். இன்னொரு தடவை வாசித்தாள். அன்றைக்கும் சித்தப்பா உள்ளே வரவில்லை. ஆனால் அதன்பிறகு பகல் வேளையில் வேதாகமத்தை எடுத்துத் திண்ணையில் வைத்து அந்தச் சங்கீதத்தையே வாசிக்கத் தொடங்கினார். வெகுநாள் அவர் முதல் பாதியைத் தாண்டவே இல்லை.

கொஞ்ச காலம் போய் ஒரு ராத்திரி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அப்பா அவரை ஜெபிக்கச் சொன்னார். அந்த ஜெபத்தில் ஸ்தோத்திரமும் இல்லை, துதியும் இல்லை. ஏன் ஆண்டவரே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர், நான் யாருக்கு என்ன துரோகம் செய்தேன் என்று ஒரே வழக்கு. அம்மா பதறிப்போய் அவரை நிறுத்தப் பார்த்தாள். அப்பா மெதுவாகச் சொன்னார்: “விடு. அவருகிட்டதான பேசுதான்.”

போன பணம் சித்தப்பாவுக்குத் திரும்பி வரவே இல்லை. ஆனால் சாகும் வரைக்கும் அவர் ஆண்டவரோடு பேசுவதை நிறுத்தவும் இல்லை. நான் இறையியல் நூல்களில் படித்ததையெல்லாம்விட என் அப்பா அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல்தான் சங்கீதப் புத்தகத்துக்குச் சரியான உரை என்று நினைக்கிறேன்.

அந்தச் சங்கீதம் அன்று அந்தத் திண்ணை வரை போய்ச் சேர்வதற்குப் பின்னால் நெடுங்கால உழைப்பு இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, 1711-ல் முடித்தார்; 1715-ல் அது முழுமையாக அச்சாகி வந்தது. 1719-ல் அவர் இறந்தபோது வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்குமே அவரால் முடிக்க முடிந்தது. சங்கீதங்கள் அவர் கையால் தமிழுக்கு வரவில்லை. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ச். பிறகு சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ் பல பத்தாண்டுகள் வேதம் முழுவதையும் மறுபடி மொழிபெயர்த்தார். கடன் தொல்லையில் சிக்கி முதுமையில் சிறைக்குள்ளும் இருந்த மனிதர் அவர். 1791-ல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது 1796-ல். 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் வந்த திருப்புதல் பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பின் மேல் கட்டப்பட்டது. அதைத்தான் இன்றைக்கும் நம் சபைகளில் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கிறோம். ஆசாபின் முறையீட்டை நம் தாய்மொழியில் நம் வாயில் வைத்தவர்கள், அதே முறையீட்டுக்குக் காரணம் உள்ள வாழ்க்கையை வாழ்ந்தவர்கள்தான்.

இப்போது நம்முடைய நாட்களுக்கு வருகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கூட்டம் ஆலயத்தை நிறைத்து வெளியே பந்தல் வரை நிற்கிறது. ஆராதனை முடிவில் வாக்குத்தத்த அட்டை தருகிறார்கள். ஆளுக்கு ஒரு வசனம். அதை வாங்கும் கைகளின் நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் தள்ளிப்போகிற மகள், வேலை கிடைக்காத மகன், வீட்டுக்காரருடைய குடிப்பழக்கம் என்று ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஓராண்டுக் கண்ணீர் இருக்கிறது. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். அதனாலேயே இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியவில்லை.

எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் அந்த அட்டைகளில் அடிக்கடி வருகிறது. உங்கள்மேல் எனக்கு நல்ல நினைவுகள் உண்டு, தீமைக்கானவை இல்லை என்று கர்த்தர் சொல்லும் வசனம். யாருக்கு எழுதப்பட்டது? பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. முந்தின 10-ஆம் வசனத்தைப் பாருங்கள். பாபிலோனுக்கு எழுபது வருஷம் முடிந்தபிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார். அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அட்டையில் எழுபது வருஷத்துக்கு இடமில்லை. அதனால், அந்த ஆண்டே நன்மை வரவில்லை என்றால், வாங்கினவர் ஆண்டவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறார். கைவிட்டது ஆண்டவர் இல்லை. அதிகாரத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரு வசனத்தை மட்டும் கையில் கொடுத்த நாம்தான். மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவதுபோல வேதத்தில் வசனம் வாங்கப் பழகிவிட்டோம். தலைவலிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று. அப்படி வாங்குகிறவருக்குக் கடைக்காரரோடு பேச்சுவார்த்தை அதிகம் தேவைப்படுவதில்லை. முழு அதிகாரத்தை வாசித்தவர் எழுபது வருஷம் என்று வாசித்த இடத்திலேயே, ஆண்டவரே, இவ்வளவு காலமா என்று கேட்டுவிடுவார். கேட்ட அந்த நொடியில் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

காலையில் கைப்பேசியில் வந்து விழும் வசனப் படங்களைப் பற்றியும் எனக்கு இதே வருத்தம்தான். பூவும் சூரியோதயமும் பின்னணியில் வைத்து வரும் அந்தப் படங்களில் 88-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தையாவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. ஏமான் பெயரில் இருக்கும் அந்தச் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் கடைசியில் வரும் நம்பிக்கைத் திருப்பம் அதில் இல்லை. ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை அது கர்த்தரை நோக்கியே பேசுகிறது. அதனால் அதுவும் வேதத்துக்குள் இருக்கிறது. நம் வாயில் வர வேண்டும் என்றே வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கீட்டில் 14-ஆம் நாள் மாலையில் ஆசாபின் 73 வரும். 17-ஆம் நாள் காலையில் ஏமானின் 88 வரும். அன்று வீட்டில் கல்யாணமாக இருந்தாலும் வரும். முதலில் இது எனக்கு இயந்திரத்தனமாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. நான் சந்தோஷமாக இருக்கிற அதே காலையில் இருளில் கிடக்கிற யாருக்காகவோ அந்தச் சங்கீதத்தை என் வாய் சொல்லுகிறது. நான் இருளில் கிடக்கும் நாளில் எனக்காகத் துதியின் சங்கீதத்தை வேறு யாரோ சொல்லுகிறார்கள். ஆலயத்தில் ஐயர் ஒரு வசனமும் சபை மறு வசனமுமாக வாசிக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் அருமை இதில் இருக்கிறது. பாதி வசனங்களை நாம் கேட்கத்தான் வேண்டும். மீதியை நமக்கு இஷ்டமில்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோபர் என்ற போதகர் இருந்தார். 1938 நவம்பர் 9 இரவு நாசிகள் யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தினார்கள். போன்ஹோபர் தம்முடைய வேதாகமத்தில் 74-ஆம் சங்கீதத்தில், தேசத்திலுள்ள தேவனுடைய ஆலயங்களையெல்லாம் சத்துருக்கள் சுட்டெரித்ததைச் சொல்லும் 8-ஆம் வசனத்தின் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி வைத்தார். அதுவும் ஆசாபின் சங்கீதம். நாம் வாசித்ததற்கு அடுத்தது. கேள்விப்பட்ட செய்தியை ஒருவர் ஆண்டவரிடம் கொண்டுபோன தடம் அந்தத் தேதி. 1940-ல் அவர் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று புளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இன்னும் ஒன்று. சிலுவையில் நம் ஆண்டவர் கூப்பிட்ட சத்தம், 22-ஆம் சங்கீதத்தின் ஆரம்பம். கைவிடப்பட்டவருடைய கேள்வி. பக்கத்தில் நின்றவர்கள் எலியாவைக் கூப்பிடுகிறான் என்று தவறாக எண்ணிக்கொண்டார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதியிருக்கிறார்கள். சொந்த வார்த்தை எதுவும் கைகொடுக்காத வேதனையில் அவர் சிறுவயதுமுதல் கேட்டுப் பழகிய சங்கீதம் வாயில் வந்தது. நமக்கும் அப்படியொரு வேளை வரும். அந்த வேளையில் வாயில் வருவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமானால், இப்போதே வாசித்து வைத்திருக்க வேண்டும். அதுவும் சத்தமாக, காது கேட்க.

இங்கே இறையியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எபிரேயம் படிப்பீர்கள், கிரேக்கம் படிப்பீர்கள், ஆதாரங்களை ஆராய்வீர்கள். நன்றாகச் செய்யுங்கள், அந்தப் படிப்பு இல்லாவிட்டால் வசனத்தை வளைக்கிறவர்களைத் தடுக்க சபையில் ஆளிருக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பகுதியை, பிரசங்கத்துக்கும் பரீட்சைக்கும் உதவாத பகுதியாக இருந்தாலும், ஆண்டவரிடமே திரும்பச் சொல்லுகிற ஜெபமாக வாசியுங்கள். ஆராய்ச்சி மேசையில் ஆண்டவர் படர்க்கையாகவே இருந்துவிட எளிதில் வாய்ப்புண்டு. ஆசாப் ஆலய ஊழியராக இருந்தும் அவருக்கு அப்படி நேர்ந்தது.

போதகர்களிடமும் சபை நிர்வாகிகளிடமும் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். வருகிற டிசம்பர் 31 இரவு அட்டை கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள். அதில் வசனத்துக்குப் பதிலாக ஒரு அதிகாரத்தின் எண்ணை அச்சிடுங்கள். எல்லாருக்கும் ஒரே அதிகாரம் இருக்கட்டும். பிரசங்கத்தைப் பத்து நிமிஷம் குறைத்துக்கொண்டு, அந்த அதிகாரத்தை முதல் வசனம் தொடங்கிக் கடைசி வசனம் வரைக்கும், நீங்கள் ஒன்றும் சபை ஒன்றுமாக, சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். எந்த அதிகாரம் என்று கேட்டால், முதல் வருஷத்துக்கு 73-ஆம் சங்கீதத்தையே தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வசனங்கள்தான், ஐந்து நிமிஷம்கூட ஆகாது.